கேட்டு அழைத்தார்கள், பார்த்து அழைக்கிறார்கள்

 

உங்கள் குடும்பத்து நிக்காஹ் வைபவம் ஒன்றில் எப்போதாவது என் குரலை நீங்கள் கேட்டிருக்கக் கூடும். கேட்டிருந்தாலும் நினைவிருக்க நியாயமில்லை. மணமகன் அணிந்திருந்த ஷேர்வானி நினைவில் நிற்கும். பிரியாணியில் உப்புக் குறைந்தது இருபது ஆண்டுகள் கழிந்தும் பேசப்படும். பந்தலின் ஓரத்தில் அமர்ந்து பாடியவனின் பெயரை யார் கேட்டு வைத்துக்கொள்கிறார்கள்? இதைக் குறையாகச் சொல்லவில்லை. நாகை, காரைக்கால், திருவாரூர் வட்டாரங்களில் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக மண வீடுகளில் இஸ்லாமியப் பாடல்களைப் பாடி, அந்த வருவாயில் மூன்று மக்களைப் படிக்க வைத்தவன் நான். பெயர் தெரியாமலே பிழைப்பு நடந்த காலம் அது. இப்போதோ பெயரும் முகமும் கைப்பேசித் திரையில் தெரிந்தால்தான் பிழைப்பு என்றாகிவிட்டது. அந்த மாற்றத்தில் நான் கற்றதையும், அதில் நான் செய்த ஒரு பிழையையும் உங்களிடம் மனம் திறந்து சொல்லவே இதை எழுதுகிறேன்.

எங்கள் இளமையில் மண வீட்டுப் பாடகனுக்கு விளம்பரம் என்று தனியாக ஒன்று இருந்ததில்லை. பந்தல் போடுகிறவர், மைக் செட் வைத்திருப்பவர், சமையல் பண்டாரி ஆகிய மூவருமே எங்கள் விளம்பரப் பலகைகள். பெண் வீட்டார் பண்டாரியிடம் அரிசிக் கணக்குப் பேசும்போதே, "பாட்டுக்கு யாரைச் சொல்லியிருக்கீங்க?" என்று அவர் ஒரு சொல் போட்டு வைப்பார். அந்த ஒரு சொல்லுக்கு நன்றியாக அவருடைய பேரனின் சுன்னத்து விருந்தில் நான் காசு வாங்காமல் பாடியதும் உண்டு. ஒரு வலீமாவில் பாடிக்கொண்டிருக்கும்போதே வேறொரு வீட்டுப் பெரியவர் அருகில் வந்து அமர்ந்து, பாட்டு முடிந்ததும் தோளைத் தட்டி, "ஷவ்வால் பிறை பத்துல நம்ம வீட்டுல வச்சிருக்கோம். அந்த நாளை வேற யாருக்கும் கொடுத்துராதே தம்பி" என்பார். முன்பணத்தைக் கையில் திணித்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார். ரசீதும் இல்லை, கையெழுத்தும் இல்லை. சொன்ன சொல்லே பத்திரம்.

இசைமுரசு நாகூர் இ.எம். ஹனிபா அவர்கள் 2015ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 8ஆம் நாள் மறைந்தார்கள். இசைத்தட்டுக் காலத்திலும், பின்னர் ஒலிநாடாக் காலத்திலும் அவர்களின் குரல் ஒலிக்காத முஸ்லிம் மண வீடு எங்கள் பகுதியில் அரிது. தென்னை மரத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கியில் விடியற்காலையில் அக்குரல் எழுந்தால், எந்தத் தெருவில் கல்யாணம் என்பது அடுத்த ஊருக்கும் தெரிந்துவிடும். என்னைப் போன்ற சிறிய பாடகர்கள் அந்த மரத்தின் நிழலில் முளைத்தவர்கள். "ஹனிபா பாட்டெல்லாம் பாடுவியா?" என்பதே எங்களிடம் கேட்கப்படும் முதற்கேள்வி. நானும் 1996இல் கடன் வாங்கி ஓர் ஒலிநாடா வெளியிட்டேன். ஐந்நூறு பிரதிகள். உறையின் பின்புறத்தில் என் முகவரியைப் பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தேன். அதைப் பார்த்து வந்த அழைப்புகள் இரண்டோ மூன்றோ. விற்காத இருநூறு பிரதிகள் இன்னும் எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கின்றன. போட்டுக் கேட்கத்தான் வீட்டில் கருவி இல்லை.

2020 மார்ச் மாத இறுதியில் ஊரடங்கு வந்தது. ஷஅபானில் நான்கு வீடுகள், நோன்புப் பெருநாளுக்குப் பிறகு ஆறு வீடுகள் என்று குறித்து வைத்திருந்தேன். அத்தனையும் கலைந்தன. வாங்கியிருந்த முன்பணத்தை ஒவ்வொரு வீடாகத் திருப்பிக் கொடுத்தேன். பின்னர் ஐம்பது பேருக்கு மிகாமல் திருமணம் நடத்தலாம் என்று அனுமதித்தார்கள். எங்கள் குழுவில் ஆறு பேர். நாங்கள் உள்ளே போக வேண்டுமென்றால் மாமன், மச்சான் ஆறு பேரை வெளியே நிறுத்த வேண்டும். யார் அழைப்பார்கள்? தபலா வாசிப்பவர் மீன் வியாபாரத்துக்குப் போனார். கீபோர்டு வாசிக்கும் தம்பி ஒரு மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்தான். நான் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பழைய குறிப்பேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த என் இளைய மகள், "வாப்பா, நீங்க பாடுங்க, நான் எடுக்கிறேன்" என்று கைப்பேசியை என் முன்னே வைத்தாள். டிக்டாக் என்றாள். எனக்கு அது கடிகாரச் சத்தம் போலத்தான் கேட்டது. கொல்லைப்புறத்து வேப்பமரத்தடியில் அமர்ந்து, கையில் ஒரு தஃப் மட்டும் வைத்துக்கொண்டு பாடினேன். இரண்டு மாதங்களில் ஆயிரக்கணக்கானோர் கேட்டிருந்தார்கள். சிங்கப்பூரிலிருந்து ஒருவர், தம் வாப்பாவின் நினைவு வந்ததாக எழுதியிருந்தார். அன்று நான் அழுதேன் என்பதைச் சொல்ல வெட்கமில்லை. ஆனால் அந்த ஜூன் மாத இறுதியில் மத்திய அரசு டிக்டாக்கைத் தடை செய்தது. ஓர் இரவில் எல்லாம் போயிற்று. யார் யார் கேட்டார்கள், அவர்களின் எண் என்ன என்பது எதுவும் எங்கள் கையில் இல்லை. வாடகை வீட்டில் ஓட்டு மாற்றி, தரை போட்டு, கடைசியில் வீட்டுக்காரன் பூட்டிக்கொண்டு போனதைப் போலிருந்தது. அதனால்தான் இன்று எந்தத் தளத்தின் வழியாக யார் தொடர்பு கொண்டாலும், பெயரையும் எண்ணையும் ஊரையும் நோட்டுப் புத்தகத்தில் பேனாவால் எழுதி வைக்கிறேன். என் மகள் சிரிப்பாள். சிரிக்கட்டும்.

அடுத்த மாதமே இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் என்னும் சிறு காணொளி வசதி நம் நாட்டுக்கு வந்தது. அங்கே குடி புகுந்தோம். இத்தொழிலில் இருக்கும் சகோதரர்களுக்கும், பிள்ளைகளை இதில் விட்டிருக்கும் பெற்றோருக்கும் பயன்படட்டும் என்று சிலவற்றைச் சொல்கிறேன்.

முன்பெல்லாம் பாட்டுக்கு யாரை அழைப்பது என்பதை வீட்டுப் பெரியவர் முடிவு செய்தார். இன்று மணமகனும் அவனுடைய சகோதரிகளும் முடிவு செய்கிறார்கள். அவர்கள் இருக்கும் இடம் இன்ஸ்டாகிராம். அயல்நாட்டில் இருக்கும் சபுராளி மாமாக்கள் முகநூலில் இருக்கிறார்கள். அழைக்க முடிவு செய்வது இளையவர்கள் என்றாலும் பணம் அனுப்புவது அவர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. யூடியூப் நூலகத்து அலமாரியைப் போன்றது. இன்று வைத்ததை இரண்டாண்டு கழித்தும் யாராவது தேடி எடுப்பார். வாட்ஸ்அப் நிலைத்தகவல் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். ஆயினும் எனக்கு வந்த உறுதியான அழைப்புகளில் பல அதன் வழியே வந்தவையே. ஏனெனில் அதைப் பார்ப்பவர்கள் ஏற்கெனவே என் எண்ணை வைத்திருப்பவர்கள்.

இரண்டு மணி நேரக் கச்சேரியை அப்படியே ஏற்றினால் ஒருவரும் பார்ப்பதில்லை. நாற்பது விநாடி போதும். அதிலும் முதல் மூன்று விநாடிக்குள் காதைப் பிடிக்காவிட்டால் விரல் அடுத்ததற்குத் தள்ளிவிடும். நீண்ட ஆலாபனையோடு தொடங்கும் பழக்கமுள்ள எனக்கு இது பெரிய தண்டனை. ஒலிபெருக்கியின் அருகே கைப்பேசியைப் பிடித்தால் ஓசை பிளந்து விகாரமாகப் பதியும். மிக்சரிலிருந்து ஒரு கம்பி இழுத்துத் தனியே ஒலிப்பதிவு செய்து, பின்பு படத்தோடு சேர்ப்பதே முறை. இன்னொன்று கேளுங்கள். பலர் ஒலியை அடக்கி வைத்துக்கொண்டே காணொளி பார்க்கிறார்களாம். அதற்காகப் பாட்டின் சொற்களைத் திரையின் கீழே எழுத்தில் போட வேண்டும் என்கிறாள் மகள். பாடகனின் பாட்டை ஓசையின்றிப் பார்த்து அவனை அமர்த்துகிற காலம்! எழுத்தில் போடுகிறோம், வேறென்ன செய்ய?

"ரேட்?" என்று ஒரே சொல்லில் பின்னூட்டம் இடுவார்கள். ஸலாமும் இல்லை, ஊரும் இல்லை. முதலில் எனக்குக் கோபம் வரும். இப்போது மகள் பழக்கியபடி, ஸலாம் சொல்லி, தேதியையும் ஊரையும் தனிச்செய்தியில் கேட்கிறேன். தொகையைப் பொதுவில் எழுதுவதில்லை. அரை மணி நேரத்துக்குள் பதில் போகாவிட்டால் அவர்கள் வேறு நான்கு குழுக்களைக் கேட்டிருப்பார்கள். இஷா தொழுதுவிட்டு வருவதற்குள் கைநழுவிய நிகழ்ச்சிகள் உண்டு. அதற்காகத் தொழுகையில் கைப்பேசியை எடுத்துப் போவதில்லை. ரிஜ்க் அளிப்பவன் யார் என்பதில் எனக்குக் குழப்பமில்லை.

இனி நம் சமுதாயத்துக்கே உரிய ஒரு சங்கடம். இசைக்கருவிகள் கூடாது என்று சொல்லும் ஆலிம் பெருமக்கள் இருக்கிறார்கள். தஃப் மட்டும் ஆகும் என்போர் உண்டு. ருபைய்யிஉ பின்த் முஅவ்வித் (ரலி) அவர்களின் மண வீட்டில் சிறுமியர் தஃப் அடித்துப் பாடிக்கொண்டிருக்க, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அங்கு வந்து அமர்ந்த செய்தி புகாரி நூலில் இருக்கிறது. கருவிகளோடு கூடிய இறைத்துதிப் பாடல்களைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வரும் குடும்பங்களும் நம்மிடையே உண்டு. இதில் வாதாடும் தகுதி எனக்கில்லை. ஒரே தெருவில் கிழக்கு வீட்டார் கீபோர்டும் தபலாவும் வேண்டும் என்பார்கள். மேற்கு வீட்டார் தஃபும் குரலும் மட்டும் போதும் என்பார்கள். பண்டாரியின் சிபாரிசில் பிழைத்த காலத்தில் இது சிக்கலாகத் தோன்றவில்லை. அந்தந்த வீட்டுக்கு அந்தந்த வகையில் போய்விடுவோம். கைப்பேசிப் பக்கம் அப்படியன்று. எல்லாரும் ஒரே வாசல் வழியாக எட்டிப் பார்க்கிறார்கள். கீபோர்டுப் படத்தைப் போட்டால் மேற்கு வீட்டார் விலகுகிறார்கள்; தஃபை மட்டும் போட்டால், இவர்களிடம் கருவியே இல்லை போலும் என்று கிழக்கு வீட்டார் நினைக்கிறார்கள். பல நாள் யோசித்து இரண்டு பக்கங்களாகப் பிரித்தோம். இது இரட்டை வேடம் என்று ஒரு நண்பர் சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கறிக்கடையில் ஆடும் கோழியும் தனித்தனியே தொங்குவதில்லையா?

பதிப்புரிமை பற்றியும் ஒரு சொல். மண வீட்டில் பிறர் பாடலைப் பாடுவதற்கு உரிமைத் தொகை கட்ட வேண்டியதில்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, திருமண ஊர்வலத்துக்கும் திருமணம் சார்ந்த வைபவங்களுக்கும் விலக்களிக்கிறது. 2023 ஜூலையில் மத்திய அரசின் தொழில் மற்றும் உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறையும் இதனைத் தெளிவுபடுத்தி அறிவிப்பு வெளியிட்டது. ஆனால் பந்தலுக்குள் பாடியதைப் படமெடுத்து இணையத்தில் ஏற்றுவது வேறு கதை. பழைய பாடல் ஒன்றை நான் பாடி ஏற்றியபோது, அதன் உரிமை வைத்திருக்கும் நிறுவனத்தின் சார்பில் உரிமைக் கோரல் வந்துவிட்டது. அதிலிருந்து என் சொந்தப் பாடல்களையும், எங்கள் ஊர்ப் புலவர் ஒருவர் எனக்கென்றே எழுதித் தந்தவற்றையும்தான் ஏற்றுகிறேன்.

இவ்வளவும் சொன்னேனே, சொல்ல வேண்டியதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறேன் என்பதை நீங்கள் உணர்ந்திருப்பீர்கள்.

2023ஆம் ஆண்டின் இறுதியில், எங்கள் ஊரிலிருந்து சற்றுத் தொலைவிலுள்ள ஒரு வீட்டில் நிக்காஹ். மாப்பிள்ளை ஊர்வலம் பெண் வீட்டு வாசலுக்கு வரும்போது தஃப் அடித்து வரவேற்புப் பாடல் பாடினோம். எங்கள் குழுவின் இளைஞன் ஒருவன் கைப்பேசியில் படமெடுத்தான். பாட்டு உச்சத்துக்கு ஏறியபோது, அவன் கைப்பேசியை மாடி வராந்தாவை நோக்கித் திருப்பிவிட்டான். அங்கே வீட்டுப் பெண்கள் நின்றிருந்தார்கள். மணப்பெண்ணின் தங்கை, இடுப்பில் ஒரு குழந்தையை வைத்துக்கொண்டு, தலைத்துணி நழுவியதும் தெரியாமல், பாட்டுக்கு ஏற்பத் தலையசைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். நான்கு விநாடிகள்.

அந்த வாரம் என் மகள் தேர்வுக்காக வெளியூரில் இருந்தாள். படத்தை வெட்டி ஒட்டியது அந்த இளைஞன். ஏற்றுவதற்கு முன் என்னிடம் காட்டினான். வாசகர்களே, நான் பார்த்தேன். வராந்தாவையும் பார்த்தேன். வெட்டிவிடு என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அந்த நான்கு விநாடியில்தான் அந்தக் காணொளிக்கே உயிர் இருந்தது. 'நான்கு விநாடிதானே' என்று என் மனம் சொல்லிற்று. நான் சரி என்றேன். அவன் மீது பழி போட எனக்கு வழியில்லை.

மூன்று நாளில் நாற்பதாயிரம் பேர் பார்த்தார்கள். என் வாழ்நாளில் அத்தனை பேருக்கு நான் பாடியதில்லை. மூன்று வீடுகளிலிருந்து முன்பணம் வந்தது. நான்காம் நாள் பின்னூட்டங்களைப் படித்தபோதுதான் அடிவயிறு கலங்கியது. பாட்டைப் பற்றி எழுதியவர்கள் சிலர். மாடியில் நின்ற பிள்ளையைப் பற்றி எழுதியவர்கள் பலர். யாரோ அவள் முகத்தை மட்டும் நிழற்படமாக நிறுத்தி எடுத்து அனுப்பியும் இருக்கிறார்கள்.

அன்றிரவு இஷாவுக்குப் பிறகு அவளுடைய தந்தை எங்கள் வீட்டுக்கு வந்தார். சத்தம் போடுவார் என்று அஞ்சினேன். போடவில்லை. தேநீரையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு நின்றபடியே பேசினார். "நானா, நான் முந்நூறு பத்திரிகை அடிச்சேன். என் வீட்டு வாசலுக்கு யாரு வரலாம்னு பாத்துப் பாத்துப் பேரெழுதினேன். நீங்க ஊரையே கூப்பிட்டுட்டீங்களே" என்றார். அந்தப் பிள்ளைக்கும் அப்போது சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள் என்பதை அவர் போன பிறகுதான் என் மனைவி சொன்னாள்.

அந்த நிமிடமே காணொளியை நீக்கினோம். நீக்கி என்ன? அதற்குள் அது எத்தனையோ குழுக்களுக்குப் போயிருந்தது. என் மைத்துனர் வீட்டுக் குழுவிலேயே இருந்தது.

மறுநாள் எங்கள் பள்ளி ஹஜ்ரத்திடம் போய், அந்த மூன்று வீட்டு முன்பணத்தை என்ன செய்வது என்று கேட்டேன். அவர் பணத்தைப் பற்றிப் பேசவே இல்லை. "அடியார்களுக்குச் செய்த தீங்கை அந்த அடியார் மன்னிக்காமல் அல்லாஹ்விடம் மட்டும் கேட்டு முடிச்சுக்க முடியாது. வாப்பாகிட்ட கேட்டா போதாது. அந்தப் பிள்ளைகிட்ட கேட்டீங்களா?" என்றார்.

மனைவியை அழைத்துக்கொண்டு போனேன். நான் முன்திண்ணையில் அமர்ந்திருக்க, அவள் உள்ளே சென்றாள். நெடுநேரம் ஆயிற்று. திரும்பும் வழியில் பாதித் தூரம் வரை அவள் பேசவில்லை. பிறகு சொன்னாள்: "மாமா பாட்டு நல்லாத்தான் இருந்துச்சாம். அதனாலதான் தன்னை மறந்து நின்னுச்சாம். இனிமே எந்தக் கல்யாணத்துலயும் வெளிய வந்து நிக்க மாட்டேன்னு சொல்லுது." மன்னித்தாளா என்று கேட்டேன். "அல்லாஹ்வுக்காக மன்னிச்சேன்னு சொன்னுச்சு. மொகத்தைத் திருப்பிக்கிட்டுத்தான் சொன்னுச்சு" என்றாள்.

இப்போது நிகழ்ச்சி ஒப்புக்கொள்ளும்போதே ஒரு தாளில் கையெழுத்து வாங்குகிறேன். படமெடுக்கலாமா, கூடாதா, எடுத்தால் பாடகர்களை மட்டுமா, மணமகனையும் சேர்த்தா, இணையத்தில் ஏற்றலாமா, கூடாதா என்று அதில் கேட்டிருக்கிறோம். ஏற்றுவதற்கு முன் அந்த வீட்டாருக்கு அனுப்பி, அவர்கள் சரியென்ற பிறகே ஏற்றுகிறோம். கைப்பேசியைக் கையில் பிடிப்பதே இல்லை. முக்காலியில் நிறுத்தி, எங்களை நோக்கியே வைத்துவிடுகிறோம்; அது திரும்பாது. விளம்பரத்துக்கு வேண்டியதைப் பெரும்பாலும் அதே வேப்பமரத்தடியில் எடுத்துக்கொள்கிறோம். பார்ப்போர் எண்ணிக்கை பாதிக்கும் கீழே போய்விட்டது. அழைப்புகளும் குறைந்தன; அதை மறைக்க வேண்டியதில்லை. சில வாரங்களுக்கு முன் ஒரு தாயார் பேசினார்கள். "பொம்பளைங்க பக்கம் படம் எடுக்க மாட்டீங்களாமே, மெய்தானா?" என்று அவர்கள் கேட்டபோது, ஆமாம் என்று சொல்வதற்கே எனக்குக் கூச்சமாக இருந்தது.

சென்ற மாதம் என் மகள் கைப்பேசியைக் கொண்டு வந்து காட்டினாள். அதே காணொளி. அதே நான்கு விநாடி. என் குரல், ஆனால் திரையின் மேல் வேறொரு குழுவின் பெயரும், அவர்களின் தொலைபேசி எண்ணும் ஒட்டப்பட்டிருந்தன. என் பாட்டைக் களவாடி அவர்கள் நிகழ்ச்சி பிடிப்பது எனக்கு அன்று பெரிதாகத் தோன்றவில்லை. அந்தப் பிள்ளைக்கு இப்போது மணமாகி, கையில் குழந்தை இருக்கிறது.

அந்த எண்ணுக்கு அழைத்தேன், எடுக்கவில்லை. மகள் அந்தத் தளத்தில் புகார் பதிவு செய்தாள். பிறர் சொல்லித் தெரிவதற்கு முன் நானே சொல்லிவிட வேண்டும் என்று அவளுடைய தந்தைக்குத் தொலைபேசியில் பேசினேன். கொஞ்ச நேரம் அவர் பேசாமல் இருந்தார். "சொன்னீங்களே, அதுவே போதும்" என்பார் என்று என் மனம் எதிர்பார்த்தது. அவர் அப்படிச் சொல்லவில்லை. அந்த இணைப்பை அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். துபையிலிருக்கும் அவருடைய மகனும் புகார் செய்திருப்பதாக மறுநாள் செய்தி வந்தது.

நேற்றிரவு பார்த்தேன். இன்னும் அது அங்கேயேதான் இருக்கிறது.